அடுப்புச் சாம்பலிலிருந்து நிர்மா வரை

உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துணிக்கு ஒரு தூள், பாத்திரத்துக்கு ஒரு கட்டி, தரைக்கு ஒரு திரவம், தலைக்கு ஷாம்பு. "அந்தக் காலத்தில் இதையெல்லாம் காசு கொடுத்தா வாங்கினோம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் எதை வைத்துச் சுத்தம் செய்தார்கள்? அது ஏன் மறைந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் சமையலறை. விறகடுப்பு எரிந்த வீட்டில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போய்விடும். காரணம் எளிது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. அது எண்ணெயோடு சேரும்போது கொஞ்சம் சோப்பே உருவாகிறது! பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த படலத்தைக் கரைத்துவிடும். தலைக்குச் சீயக்காய், அரப்பு. பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது அவற்றிலுள்ள சப்போனின் என்ற பொருளால்.

அடுத்தது துணி. ஊர்த் துணியை வெளுத்தவர்கள் வண்ணார் சமூகத்தினர். சோடியம் கார்பனேட் கலந்த உவர்மண்ணைக் கரைத்து, அந்த நீரில் அழுக்குத் துணியை நனைத்து, பானைகளின் மேல் அடுக்கி நீராவியில் வேக வைப்பார்கள். இதற்கு வெள்ளாவி என்று பெயர். பிறகு ஆற்றிலோ குளத்திலோ கல்லில் அடித்துத் துவைப்பார்கள். இதற்குக் கூலி பெரும்பாலும் பணமாகக் கிடைக்கவில்லை. அறுவடையில் கொஞ்சம் தானியமும் வீட்டு வீடாகப் போய் வாங்கும் சோறும்தான். தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலைமை இதைவிடக் கொடுமையானது.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அங்கும் காரத்துக்கு மரச்சாம்பலையும் கடற்பாசிச் சாம்பலையும்தான் நம்பியிருந்தார்கள். 1791-ல் நிக்கோலா லெப்ளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சலவைச் சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1861-ல் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே அதைவிட மலிவான வழியைக் கொண்டுவந்தார். சோடா மலிந்ததும் சோப்பும் மலிந்தது. இங்கிலாந்தில் 1712 முதல் சோப்புக்கு இருந்த வரியும் 1853-ல் நீங்கியது. 1884-ல் லீவர் சகோதரர்கள் தொடங்கிய சன்லைட் சோப், 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது.

நம் நாட்டிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 1914-ல் மதராஸ் மாகாண அரசு கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் தொடங்கியது. 1916-ல் மைசூர் அரசின் சோப்புத் தொழிற்சாலை வந்தது. ஆனால் சோப்பில் ஒரு குறை உண்டு. கிணற்றுக் கடின நீரில் அது நுரைக்காமல் திப்பியாகத் திரளும். அந்தக் குறையைத் தீர்த்தது டிடர்ஜென்ட் தூள். 1959-ல் சர்ஃப் வந்தது, ஆனால் விலையோ சாமானியருக்கு எட்டவில்லை.

இங்கேதான் கர்சன்பாய் படேல் வருகிறார். குஜராத் அரசின் கனிமத் துறையில் வேதியியல் பணியில் இருந்தவர். 1969-ல் அகமதாபாத்தில் தன் வீட்டுக் கொல்லையிலேயே தூள் கலந்து, பாக்கெட் போட்டு, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். விலை, சர்ஃபின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மகளின் பெயரையொட்டி நிர்மா என்று பெயர் வைத்தார். அதில் முக்கியமாக இருந்தது என்ன தெரியுமா? சலவைச் சோடா! உவர்மண்ணில் இருந்த அதே சோடியம் கார்பனேட்தான். மண்ணிலிருந்து எடுத்ததை மனிதன் தொழிற்சாலையில் செய்தான், அவ்வளவுதான்.

வீட்டு முறை மறைந்ததற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமல்ல. எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பல் போனது. சீயக்காய் காயவைத்து அரைக்க நேரம் போனது. முக்கியமாக, "செலவில்லை" என்று நாம் சொல்லும் அந்தக் கணக்கில் பெண்களின் பல மணி நேர உழைப்பும், வெள்ளாவி வைத்தவர்களின் கூலியும் எழுதப்படவே இல்லை. அந்த விலையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

இன்று மீண்டும் பலர் வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். நல்லதுதான், பணமும் மிச்சமாகும். ஆனால் வேதியியலை மறக்க வேண்டாம். வினிகரையும் சமையல் சோடாவையும் சரிக்குச் சரியாகக் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொங்கும் நுரையைத் தவிரப் பெரிய பலன் இல்லை. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும், ஜாக்கிரதை! மற்றபடி புளியும் சீயக்காயும் இன்றும் அதே வேலையைச் செய்கின்றன. மிச்சமாகும் பணத்தைக் கணக்குப் பார்க்கும்போது, அரைப்பது யார், தேய்ப்பது யார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்த வேலையை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டால்தான் அது உண்மையான சிக்கனம்.