வன்தட்டு அணி

வன்தட்டு அணி என்பது பல வன்தட்டுகளைச் சேர்த்து, கணினிக்கு ஒரே தட்டாகத் தோன்றும்படி அமைக்கும் சேமிப்பு முறை. இதன் பெயர்பெற்ற வடிவம் ரெய்டு.

தோற்றம்

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ரெய்டை அறிமுகப்படுத்தியது. பெருங்கணினிகளின் விலையுயர்ந்த ஒற்றைத் தட்டுக்கு மாற்றாக, மலிவான சிறு தட்டுகளைத் திரட்டலாம் என்றது அக்கட்டுரை. ஆனால் தட்டுகள் பெருகினால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகும். அந்த இழப்பை ஈடுகட்டவே உபரித் தரவு சேர்க்கப்பட்டது.

அடிப்படைச் சொற்கள்

ஸ்டிரைப்பிங்: தரவைத் துண்டுகளாக்கிப் பல தட்டுகளில் பரப்புதல். தட்டுகள் ஒரே நேரத்தில் இயங்குவதால் வேகம் கூடும்.

மிரரிங்: ஒரே தரவை இரு தட்டுகளில் எழுதுதல். கொள்ளளவில் பாதி இதற்கே போய்விடும்.

பாரிட்டி: இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் பிட். மூன்று தட்டுகளில் 1, 0, 1 இருந்தால் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படை. எனவே நான்காம் தட்டில் 0 எழுதப்படும். மூன்றாம் தட்டு பழுதானால் எஞ்சுவன 1, 0, 0. எண்ணிக்கை மீண்டும் இரட்டைப்படை ஆக வேண்டுமானால், தொலைந்தது 1 ஆகத்தான் இருக்க முடியும்.

ஹாட் ஸ்பேர்: பழுதான தட்டின் இடத்தை உடனே ஏற்கக் காத்திருக்கும் உதிரித் தட்டு.

நிலைகள்

ரெய்டு 0 ஸ்டிரைப்பிங் மட்டுமே. ஒரு தட்டு போனால் அணி முழுதும் போகும். ரெய்டு 1 மிரரிங். ரெய்டு 5 பாரிட்டியை எல்லாத் தட்டுகளிலும் பிரித்து வைக்கும். குறைந்தது மூன்று தட்டுகள் தேவை, ஒன்றின் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டின் இழப்பைத் தாங்கும்.

இடைமுகங்கள்

தட்டையும் கணினியையும் இணைக்கும் விதிமுறையே இடைமுகம். ஸ்கசி 1986இல் அமெரிக்கத் தரமானது. அக்காலக் கேபிள்கள் பல பிட்டுகளை இணையாக அனுப்பின. வேகம் கூடியபோது அவை ஒரே கணத்தில் போய்ச் சேர்வது கடினமானது. ஆகவே பிட்டுகளை வரிசையாக அனுப்பும் சாட்டா, சாஸ் ஆகியவை வந்தன. சாட்டாவின் வேகம் நொடிக்கு 1.5 கிகாபிட்டில் தொடங்கி 6 வரை உயர்ந்தது. சாஸ், ஸ்கசி கட்டளைகளையே பயன்படுத்துகிறது. 2011இல் வெளியான என்விஎம்இ, ஃபிளாஷ் நினைவகத்துக்கென வடிவமைக்கப்பட்டது.

வரம்பு

ரெய்டு காப்பது தட்டின் பழுதிலிருந்து மட்டுமே. தவறுதலாக அழித்த கோப்பு மிரர் தட்டிலும் அக்கணமே அழியும். எனவே ரெய்டு இருந்தாலும் வேறோர் இடத்தில் பேக்கப் வைத்திருப்பது கட்டாயம்.