முத்திரையும் கணக்கும்: காஞ்சிபுர வட்டாரத்தின் பொறுப்புடைமை மரபும் இணையவழிப் பட்டு வணிகமும்

ஆய்வுச்சுருக்கம்

காஞ்சிபுரம் பட்டுச்சேலை இன்று இணையச் சந்தைகளிலும் விற்கப்படுகிறது. கைத்தறிப் பட்டையும் விசைத்தறியில் நெய்த செயற்கை இழைச் சேலையையும் திரையில் கண்டு வேறுபடுத்துவது வாங்குவோருக்கு அரிது. இதற்குத் தீர்வாகத் தரமுத்திரைகளே பெரிதும் முன்வைக்கப்படுகின்றன. முத்திரையின் வலிமை அதன் பின்னால் நின்று கணக்கு ஒப்புவிக்கும் பொறுப்பாளரைச் சார்ந்தது என்பதைச் சோழர்காலச் சாசனங்கள், 20, 21ஆம் நூற்றாண்டுகளின் நிறுவனங்கள், இணையப் பாதுகாப்பின் அண்மை வரலாறு ஆகியவற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பட்டசாலிகள், உத்திரமேரூர், புவிசார் குறியீடு, இணைய வணிகம், பொறுப்புடைமை.

முன்னுரை

காஞ்சிபுரத்தில் நேரில் சேலை வாங்குவோருக்குச் சில சோதனைகள் மரபாகவே கைவந்தவை. இழை ஒன்றைப் பிரித்துக் கொளுத்தினால், பட்டு மயிர் கருகும் மணத்துடன் எரிந்து பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். சரிகையை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பர். சேலையைப் புரட்டிக் கரையும் உடலும் சேருமிடத்தைக் காண்பர். கோர்வை முறையில் கரையும் உடலும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கப்படுவதால், அவ்விணைப்பே கைத்தறியின் அடையாளமாக நிற்கும்.

இணையத்தில் இச்சோதனைகள் எவையும் இயலா. அங்குக் கண் ஒன்றே கருவி. அக்கண்ணுக்குக் காட்டப்படும் படமும் வேறொருவர் நெய்த சேலையினுடையதாக இருக்கலாம். கோர்வைச் சேலை ஒன்றை முடிக்கக் கைத்தறியாளருக்குப் பல நாள்கள் ஆகும். அதன் பெயரைத் தாங்கிய போலி மலிவாக விற்கும்போது, அந்நாள்களுக்குரிய கூலியே அடிபடுகிறது. ஆகவே நம்பகமான இணையம் என்னும் பொருள், காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை நெசவாளர் வாழ்வாதாரத்தோடு பிணைந்த ஒன்றாகும்.

உத்திரமேரூர்: கணக்கு ஒப்புவியாதார்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (கி.பி. 919) சாசனமும், 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (கி.பி. 921) சாசனமும் வாரிய உறுப்பினரைத் தெரிவு செய்யும் விதிகளைக் கூறுகின்றன. முதல் ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் சபையார் திருத்தி விரித்துள்ளனர் என்பதும் கருதத்தக்கது.

இவ்விதிகளுள் இங்கு முதன்மையானது, வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் மீண்டும் தெரிவு பெறாதவாறு விலக்கிய விதியாகும். தெரிவுமுறையும் பலர் அறிய நிகழ்ந்தது. குடத்திலிருந்து எடுக்கப்பட்ட ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படிக்கவேண்டும் என்று சாசனம் வரையறுக்கிறது. ஓலையை மாற்றும் வாய்ப்பை அவ்விரிந்த கை நீக்கிவிடுகிறது. தனியொருவரின் நேர்மையை நம்பியிராமல், தவறு நிகழ இடந்தராத நடைமுறையைச் சபை வகுத்தது.

பொன்னின் தரம் காண்போர் குறித்த மற்றோர் உத்திரமேரூர்த் தீர்மானமும் இதே நெறியைக் காட்டுகிறது. பொன்னறிவு உடையோரைத் தெரிந்தெடுத்துப் பக்கச்சார்பின்றிச் சோதிக்கப் பணித்த சபையார், சோதனைக்குப் பயன்பட்ட மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்கவும் விதித்தனர். உரைகல்லில் படியும் பொன்துகள் மெழுகில் ஒட்டும். அத்துகளும் சோதிப்பவர் கைக்குச் சேராது. தரச்சான்று தருபவரே தணிக்கைக்கு உட்பட்டவர் என்பது இதன்வழிப் பெறப்படுகிறது.

இச்சபையைச் சமத்துவ அமைப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. நிலவுடைமை, சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி முதலிய தகுதிகளால் வரையறுக்கப்பட்ட பிரமதேயச் சபை அது. பெண்களும் உழைக்கும் குடிகளும் அதற்குப் புறத்தே நின்றனர். அவ்வரம்பை ஏற்றுக்கொண்டே, அது வகுத்த நடைமுறையை மதிப்பிடவேண்டும்.

பட்டசாலிகளும் மாநகரத்தாரும்

நெசவாளர் நேரடியாக இடம்பெறும் சான்று காஞ்சி நகரிலேயே கிடைக்கிறது. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தமசோழன் செப்பேடு அவனது 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, உரிய வருவாய்களையும் செலவுகளையும் அது முறைப்படுத்துகிறது. அவ்வருவாய்களுள் கோல்நிறைகூலி, கால்அளவுகூலி என்பன அடங்கும். நிறுத்தும் அளந்தும் விற்கப்படும் பொருள்கள்மீது பெறப்பட்ட கூலி இவை. சந்தையின் எடையும் அளவும் கோயிலின் வருவாயோடு இணைந்திருந்தன.

அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி உள்ளிட்ட நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலிகள் எனப்படும் நெசவாளர், கோயிற் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றனர். கோயிலுக்குரிய பொன் குடியிருப்பினரிடம் வட்டிக்கு வைக்கப்பட்டது. திருவிழா முடிந்தவுடன் கோயில் கணக்கை மாநகரத்தார் பார்க்கவேண்டும் என்றும் செப்பேடு விதிக்கிறது. கண்காணிப்பவர் ஒரு குழுவினர். அவர்தம் கணக்கைப் பார்ப்பவர் வேறொரு குழுவினர். அதற்குரிய காலமும் முன்னரே குறிக்கப்பட்டது. அரசாணை செப்பேட்டில் பொறிக்கப்பட்டமையால் இவ்வேற்பாடு பின்னாளில் மறுக்க இயலாத பதிவாயிற்று.

இவ்விரு இடத்துச் சான்றுகளிலிருந்தும் மூன்று கூறுகளைத் தொகுக்கலாம்: பொறுப்பாளர் இன்னார் என அறியப்படுதல், அவரின் வேறான ஒருவர் கணக்குப் பார்த்தல், தவறினால் பொறுப்பை இழத்தல்.

முத்திரைகளின் காலம்

சேலை ஊர் எல்லையைக் கடந்து தொலைவிடங்களில் விற்கப்பட்டபோது, வாங்குவோருக்கும் நெய்வோருக்கும் இடையே நிறுவனங்கள் தேவைப்பட்டன. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. சரிகையின் தரத்தை உறுதிசெய்யும் நோக்குடன் 1971இல் தமிழ்நாடு சரிகை ஆலை அரசு நிறுவனமாகக் காஞ்சிபுரத்தில் அமைந்தது. சங்கத்தின் விற்பனையகத்தில் குறை கண்ட ஒருவர் மீண்டும் அங்கேயே வந்து கேட்க இயன்றது. சங்கத்திற்கு முகவரியும் நிருவாகக் குழுவும் ஆண்டுத் தணிக்கையும் இருந்தன.

சட்டங்களும் முத்திரைகளும் இதனைத் தொடர்ந்தன. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியனவாக்கியது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004இல் பட்டுமுத்திரையும், 2006இல் கைத்தறி முத்திரையும் நடைமுறைக்கு வந்தன. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொய்க்குறியீட்டுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது.

இவை ஒவ்வொன்றும் உறுதிசெய்வது வேறுவேறு. பட்டுமுத்திரை இழை தூய பட்டு என்பதைக் கூறும். அது தறியைப் பற்றிப் பேசாது. கைத்தறி முத்திரை தறியைக் கூறும், ஊரைக் கூறாது. புவிசார் குறியீடு ஊரையும் முறையையும் கூறும். நேர்விற்பனையில் இவ்வேறுபாட்டைக் கடைக்காரரிடம் கேட்டறியலாம். திரையில் இவை யாவும் ஒரு சிறு படமாகச் சுருங்கிவிடுகின்றன. படத்தை நகலெடுக்கத் தறியும் வேண்டா, பட்டும் வேண்டா.

பூட்டுக்குறியின் படிப்பினை

முத்திரையை மட்டும் நம்புவதன் இடர், இணையத்தின் தொழில்நுட்ப வரலாற்றிலும் வெளிப்பட்டுள்ளது. ஒரு தளம் தான் கூறும் தளமே என்பதற்குச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்துள் ஊடுருவியோர் கூகுள் உள்ளிட்ட தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். உலாவிகள் அந்நிறுவனத்தை நம்பகப் பட்டியலிலிருந்து நீக்கின. அது அவ்வாண்டே நொடித்துப்போனது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு வழியாகவும் கூகுள் தளப்பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளியானது கண்டறியப்பட்டு, அவை விலக்கப்பட்டன.

இதற்குரிய தீர்வுகளுள் முதன்மையானது, 2013இல் வரையறுக்கப்பட்ட சான்றிதழ் வெளிப்படைத்தன்மை முறையாகும். வழங்கப்படும் சான்றிதழ்கள் எவரும் பார்க்கத்தக்க பொதுப்பதிவேட்டில் சேர்க்கப்படும். அப்பதிவேட்டில் சேர்க்கலாம், சேர்த்ததைச் சுவடின்றி அழித்தல் இயலாது. சான்று தருபவரின் கணக்கையும் ஊரார் பார்க்கலாம் என்னும் உத்திரமேரூர்க் கருத்து, தொடர்பேதுமின்றி வேறொரு காலத்தில் மீண்டும் தேவைப்பட்டதை இங்குக் காணலாம்.

முகவரிப்பட்டியின் பூட்டுக்குறியும் இவ்வாறே பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டது. தளத்துடனான தொடர்பு மறையாக்கம் பெற்றது என்பதே அதன் பொருள். வணிகர் நேர்மையாளர் என்பது அதன் பொருளன்று. பயனர் பலர் அதனை நம்பகத்தின் அடையாளமாகக் கொண்டதால், கூகுள் குரோம் உலாவி 2023இல் அக்குறியை நீக்கிப் பொதுவான வேறொரு குறியை இட்டது. போலிச் சேலை விற்கும் தளத்திலும் பூட்டு இருக்கும். அது வாங்குவோரின் பணத்தைப் பாதுகாப்பாக ஏமாற்றுவோரிடம் கொண்டு சேர்க்கும்.

பொறுப்பு எவருடையது

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, உரிய கவனத்துடன் செயற்படும் இடைநிலையாளர்க்குப் பிறர் பதிவிடும் உள்ளடக்கம் குறித்துப் பாதுகாப்பு அளிக்கிறது. இணையச் சந்தைகள் இப்பாதுகாப்பையே தம் அரணாகக் கொள்கின்றன. விற்பனையில் முனைந்து பங்கேற்கும் சந்தை இப்பாதுகாப்பை இழக்கலாம் எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் லூபூத்தான் வழக்கில் கருதியது; 2020இல் அமேசான், ஆம்வே வழக்கில் அந்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அப்பாகுபாட்டை ஏற்கவில்லை. பொறுப்பின் எல்லை இன்னும் வழக்காடலுக்கு உரியதாகவே உள்ளது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் ஓரளவு தெளிவு தருகின்றன. விற்பனையாளரின் பெயரும் முகவரியும் காட்டப்பட வேண்டும். படமும் விவரணையும் பொருளின் இயல்புக்கும் தரத்துக்கும் ஒத்திருக்கும் என்று விற்பனையாளரிடம் உறுதிமொழி பெறவேண்டும். குறைகளை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை அளித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். சோழர்காலச் சான்றுகளிலிருந்து தொகுத்த மூன்று கூறுகளுள் முதலாவது இவற்றில் உண்டு. இரண்டாவது கூறாகிய வேறொருவரின் தணிக்கை வலுவாக இல்லை. உறுதிமொழி உண்மையானதா எனப் பொருளைச் சோதித்துப் பார்ப்பவர் எவர் என்பதே விடைபெறாத வினா.

மறுபுறம், வெளிப்படைத்தன்மையின் சுமை நெசவாளர்மீதே இறங்கும் போக்கும் உண்டு. கோ-ஆப்டெக்ஸ் சில பட்டுச்சேலைகளுடன் நெய்தவரின் பெயரும் படமும் தாங்கிய அட்டையை இணைத்தது. பெயரற்றுப் போன உழைப்புக்கு அது பெருமை சேர்த்தது. அம்முறையே இணையத்தில் விரியும்போது, நெசவாளரின் முகமும் இருப்பிடமும் எவரும் நகலெடுத்துப் பயன்படுத்தத்தக்க தரவாகின்றன. போலி விற்பவர் அப்படத்தையே தம் சேலைக்கு ஒட்டிக்கொள்ளவும் கூடும். 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கம் கூறி இசைவு பெறுதலை வலியுறுத்துவது இவ்விடத்தில் பொருந்தும். உத்திரமேரூர்ச் சபை கணக்குக் கேட்டது பொறுப்பு வகித்தவரிடமே. அதிகாரமும் ஆதாயமும் மிக்கவரிடம் மிகுதியான வெளிப்படைத்தன்மையை வேண்டுவதே அந்நெறியின் சாரம். இன்றோ நெய்பவரின் முகம் தெரிகிறது. விற்பவரின் முகம் தெரிவதில்லை.

முடிவுரை

காஞ்சிபுர வட்டாரத்தின் சான்றுகள் இணையச் சிக்கலுக்கு ஆயத்தமான விடை தருவன அல்ல; மதிப்பிடும் அளவுகோல் ஒன்றைத் தருகின்றன. எந்த முத்திரையைக் கண்டாலும், அதனை இட்டவர் யார், அவர் கணக்கைப் பார்ப்பவர் யார், தவறினால் அவர் இழப்பது யாது என்னும் மூன்று வினாக்களை எழுப்பலாம். இவ்வடிப்படையில் மூன்று முன்மொழிவுகள் பெறப்படுகின்றன. புவிசார் குறியீட்டின் பதிவுபெற்ற பயனர் பட்டியலோடு விற்பனைப் பக்கத்தை இணையச் சந்தை ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். விற்கப்படும் சேலைகளுள் சிலவற்றை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிடும் பொறுப்பு, சந்தைக்கும் விற்பனையாளருக்கும் வேறான ஓர் அமைப்பிடம் இருத்தல் வேண்டும். பொய்க்குறியீடு மெய்ப்பிக்கப்பட்டவர் வேறு பெயரில் மீண்டும் கடைவிரிக்க இயலாதவாறு தடை வேண்டும். மூன்றாவது முன்மொழிவு, கணக்கு ஒப்புவியாதாரை விலக்கிய உத்திரமேரூர் விதியின் இன்றைய வடிவமே. இவை நிறைவேறும்வரை, சேலையில் உள்ள முத்திரை வாங்குவோருக்கு ஆறுதல் தரலாம். நெசவாளரின் கூலியைக் காக்கும் வலிமை அதற்கு வாய்க்காது.