பாறையை எங்கே இடம் மாத்துவீங்க?

சுரங்கமோ சோலார் பார்க்கோ வருதுன்னா, 'அங்க இருக்குற உயிரினங்களை வேற இடத்துக்கு மாத்திடலாம்'னு ஈஸியா சொல்லிடுறாங்க. அது எவ்வளவு கஷ்டம்னு கானமயிலைப் பார்த்தா தெரியும். ராஜஸ்தான் பாலைவனத்துல இருக்குற ஒரு மீட்டர் உயரப் பறவை. எதிரே வர்ற மின்கம்பி அதுக்குச் சரியாத் தெரியாது, மோதிச் செத்துடும். மிச்சம் 150க்கும் கம்மி. வேற வழியில்லாம 2019ல காட்டுல இருந்து முட்டைகளை எடுத்துவந்து, ஜெய்சல்மேர் பக்கத்துல 'சம்'ங்கிற ஊர்ல செயற்கையா பொரிக்க ஆரம்பிச்சாங்க. குஞ்சு வளருது, சந்தோஷம்தான். ஆனா திருப்பிக் கொண்டுபோய் விட கம்பியில்லாத புல்வெளி வேணுமே!

இப்ப நம்ம மதுரைக்கு வருவோம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. கி.மு. காலத்துத் தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரைக் கோயில்னு அந்த மலையில ரெண்டாயிரம் வருஷ சரித்திரம் இருக்கு. அதே பாறைகளை நம்பி லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு, இன்னும் சுமார் 250 வகைப் பறவைகள். தேவாங்கும் எறும்புத்தின்னியும் உண்டு. 2022 நவம்பர்ல அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ரெண்டு ஊர்லயும் சேர்த்து 193 ஹெக்டேரை, தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க.

ரெண்டே வருஷம். 2024 நவம்பர்ல இந்த இடத்தையும் உள்ளடக்கி 2015 ஹெக்டேர்ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்சிடுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் டிசம்பர்ல மத்திய சுரங்க அமைச்சகம் சொன்ன யோசனை, பல்லுயிர் தலத்தை மட்டும் விட்டுட்டு எல்லையை மாத்த முடியுமான்னு பார்க்கலாம்ங்கிறது.

கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா லகர் வல்லூறு வறண்ட நிலத்துப் பறவை. மலையில உக்காந்தாலும், இரை தேடுறது கீழ இருக்குற பொட்டல்லயும் கண்மாய்க் கரையிலயும்தான். பொட்டலைத் தோண்டிட்டு மலையை மட்டும் விட்டா, சோறில்லாத வீடு மாதிரி. ராஜஸ்தான் புல்வெளியா இருந்தாலும் மேலூர் பொட்டலா இருந்தாலும் நம்ம கண்ணுக்கு அது 'சும்மா கிடக்குற தரிசு'. சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

ஊர்க்காரங்க அந்தச் சமரசத்துக்கு ஒத்துக்கலை. 2025 ஜனவரி 7ந்தேதி ஆயிரக்கணக்குல கிளம்பி மதுரை தல்லாகுளம் வரைக்கும் வந்தாங்க. ஜனவரி 23ந்தேதி ஏலம் ரத்து.

முட்டையை இன்குபேட்டர்ல வைக்கலாம். குன்றையும் பொட்டலையும் எதுல வைக்கிறது? உங்க ஊர்ல 'தரிசு'ன்னு பேர் வாங்கின இடம் எது, அங்க என்னென்ன பறவை பார்த்திருக்கீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.