குரல் நிலைத்தது, பெயர் நிலைத்ததா?

அண்மையில் தம்போய் வட்டாரத்தில் ஒரு திருமண விருந்து. பழைய திரைப்பாடல்கள் ஒலித்துக் கொண்டிருந்தன. ஒரு பாடலின் முதலடி முடியுமுன்னரே, "டி.எம்.எஸ். குரல்!" என்றார், தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். "எழுதியவர் யார், ஐயா?" என்று வினவினேன். சற்றே தயங்கி, "கண்ணதாசனாகத்தான் இருக்கும்" என்றார். அதுவோ, 1967ஆம் ஆண்டு வெளிவந்த 'விவசாயி' படத்திற்காக மருதகாசி எழுதிய பாடல்!

பெரியவரைக் குறை கூறுவதற்கில்லை. மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் குரல் அத்தகையது. 1950ஆம் ஆண்டின் 'கிருஷ்ண விஜயம்' தொடங்கிப் பல்லாண்டுகள் தமிழ்த் திரையை ஆண்ட குரல் அது. சொல்லைச் சிதைக்காமல், எழுத்தெழுத்தாக விளங்கும்படி பாடியமையால், ஏட்டறிவு இல்லாதாரும் அப்பாடல்களை மனப்பாடம் செய்தனர். ஜொகூர்த் தோட்டப்புறங்களில் மலேசிய வானொலியும், கடற்காலுக்கு அப்பாலிருந்து சிங்கப்பூர் வானொலியும் அவற்றைக் கொண்டு சேர்த்தன.

ஆயினும், அக்குரல் சுமந்து வந்த சொற்கள் யாருடையவை? தஞ்சைச் சீமையின் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 'நாடோடி மன்னன்' (1958) படத்தில், உறங்கும் தம்பியைத் தட்டியெழுப்பும் பாடலை எழுதினார். மறு ஆண்டே, 1959 அக்டோபர் 8ஆம் நாள், தம் 29ஆம் வயதில் மறைந்தார். களவு கூடாதென்று குழந்தைக்கு அறிவுரை கூறும் அவரது பாடலைத் தாங்கிய 'திருடாதே' 1961இல்தான் திரைக்கு வந்தது. கவிஞர் இல்லை, அவர் சொற்கள் சௌந்தரராஜன் குரலில் வீதியெங்கும் உலவின.

அதே 1961இல் 'பாசமலர்' படத்திற்குக் கண்ணதாசன் எழுதிய தாலாட்டு, அண்ணன் தங்கை பாசத்திற்கே இலக்கணமாயிற்று. கண்ணதாசன் 1981இல் சிகாகோ நகரில் காலமானார். 'படகோட்டி'யில் (1964) மீனவரின் துயரைப் பாடியவர் வாலி. சௌந்தரராஜன் 2013 மே 25ஆம் நாள் சென்னையில் மறைந்தார். இரண்டு திங்கள் கழியுமுன், ஜூலை 18ஆம் நாள், வாலியும் அவரைப் பின்தொடர்ந்தார். மருதகாசியோ 1989இலேயே விடைபெற்றிருந்தார்.

பாடகர் புகழைக் குறைப்பது என் நோக்கமன்று. யாழ் நன்றாயினும் பாட்டு வேண்டுமன்றோ? மரம் சீவிய கைகளுக்கு ஆறுதல் தந்தது இனிய குரல் மட்டுமன்று. உழவனையும் மீனவனையும் உழைப்பாளியையும் மதித்த சொற்களும்தாம். அச்சொற்களை ஆக்கியோரை மறப்பது, உண்ட சோற்றுக்கு உழவனை மறப்பதற்கு ஒப்பாகும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நம் ஊர் இசை நிகழ்ச்சிகளில் பாடகர் பெயரை அறிவிக்கும்போது கவிஞர் பெயரையும் ஒருமுறை கூறினால் போதும். அன்று அந்தப் பெரியவர், "மருதகாசி" என்று மெல்லத் தமக்குள் இருமுறை சொல்லிக்கொண்டார். அருகிலிருந்த பேரனும் அப்பெயரைக் கேட்டான்.