கணக்கேடும் பாட்டேடும்

அரசன் பிறந்த நாளையும் அவன் ஏறிய யானையின் பெயரையும் எழுதி வைத்த நாடு இது! ஆனால், குழந்தைக்குப் பாட்டெழுதியவன் எந்தத் தெருவில் நடந்தான், எவரிடம் ஊதியம் பெற்றான் என்று கேட்டால் ஏடுகள் வாய் திறப்பதில்லை. பிளவக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் நாம் இதனை அன்றாடம் காண்கிறோம். பாட்டு அவர்தம் நாவில் நடமாடுகிறது. பாடியவர் பெயரோ தெரிவதில்லை.

அப் பெயர்களுள் முதற்பெயர் அழ. வள்ளியப்பா. 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் பிறந்தார். தந்தை அழகப்பச் செட்டியார். தாய் உமையாள் ஆச்சி. செட்டிநாடு என்றதும் பர்மாத் தேக்கும் பளிங்குத் தரையும் நம் நினைவில் நிழலாடும். ஆனால், இந்தப் பிள்ளை கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. பள்ளியிறுதியோடு படிப்பு நின்றது.

அப் பள்ளிக்கும் நடைதான். இராமச்சந்திரபுரத்து உயர்நிலைப் பள்ளிக்கு நண்பர் குழாத்தோடு நடந்து செல்வார். அப்படிச் செல்கையில், திரைப்படக் கொட்டகையின் விளம்பரத்தைக் கண்டு அதையே பாட்டாக்கிப் பாட, தோழர்கள் கூடிப் பாடினர் என்பர். அப்போது வயது 13. புராணம் தந்த பொருளன்று, தோழர்களே. தெருவோரத் தட்டி தந்த பொருள்!

1940இல் சென்னை சென்றார். தம் ஊரினரான வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' அலுவலகத்தில் காசாளர் வேலை. எண்ணச் சொன்னது காசை. எழுதத் தூண்டியவர் அங்கிருந்த தி.ஜ.ர. மறு ஆண்டே இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982 வரை அவ் வங்கிதான் அவருக்குச் சோறு போட்டது. நாற்பதாண்டுக் காலம், பகலில் கணக்கேடு. மற்ற நேரத்தில் பாட்டேடு! 1944இல் 23 பாடல்களோடு வெளிவந்த 'மலரும் உள்ளம்' அந்த மற்ற நேரத்தின் விளைச்சல். பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை என்று சிறுவர் இதழ்கள் பலவற்றையும் பேணினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். அவர் ஏட்டில் கடவுள் வாழ்த்தும் உண்டு. அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் மனப்பாடச் சுமையாய்க் கிடந்த செய்யுளைக் குழந்தையின் விளையாட்டுப் பொருளாக்கியவரை மறுப்பதெங்ஙனம்?

டென்மார்க்கு நாட்டில் செருப்புத் தைத்தவர் மகனாய் 1805இல் பிறந்தார் ஆண்டர்சன். 1875இல் அவர் மறைந்தார். ஐந்தே ஆண்டுகளில் கோபன்கேகன் பூங்காவில் சிலை எழுந்தது. இங்கே? சாகித்திய அகாதெமி 1955இலிருந்து பரிசு வழங்கி வருகிறது. குழந்தை இலக்கியத்திற்கெனத் தனிப்பரிசு வந்ததோ 2010இல்! வள்ளியப்பா 1989 மார்ச் 16இலேயே மறைந்துவிட்டார். மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக்குக என வாதாடும்போதே மயங்கி வீழ்ந்தவர் அவர்.

அப் பரிசு 2012இல் நம் இராசபாளையத்துக்கே வந்தது. 1938இல் பிறந்த கொ.மா. கோதண்டம், 'காட்டுக்குள்ளே இசைவிழா' என்ற சிறுகதை நூலுக்காகப் பெற்றார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர் மக்களைத் தமிழ்க் கதைக்குள் கொணர்ந்தவர் அவர். திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு இன்றும் உண்டு. தேனும் கிழங்கும் எடுத்தவர் பிள்ளைகள் பாடநூலில் தம் மலையைத் தேடினால் கிடைப்பது ஊட்டியும் கொடைக்கானலும்!

நாம் பணிபுரியும் பள்ளியின் நூலகப் பேழையில் தலபுராணம் மூன்று படிகள் இருக்கின்றன. கோதண்டத்தின் நூல் ஒன்றுமில்லை. வரும் திங்கள் ஊதியத்தில் இரண்டு படிகள் வாங்கி வைக்க இருக்கிறோம்.