பிலவ வருஷத்துப் பஞ்சம்: வானமோ, அரசோ?

நம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைச் சிவாலயத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அது 3000 கலம் கொள்ளும். அதனை நோக்குந்தோறும் 1781-ஆம் ஆண்டாகிய பிலவ வருஷத்துப் பஞ்சமே அடியேன் நினைவிற்கு வரும்.

அப்பஞ்சம் மழை பொய்த்தமையால் வந்தது என்பாரும் உளர். வானின்றி விளைவில்லை என்பது மெய்யே. ஆயினும் 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் பல ஜில்லாக்கள் மாண்டு மடிய, காவிரி பாயும் நம் நாடு பெரிதும் பிழைத்ததன்றோ?

பிலவ வருஷத்தில் நிகழ்ந்தது வேறு. 1773 முதல் 1776 வரை ஆற்காட்டு நவாபு தஞ்சையைக் கைப்பற்றிக் குடிகளைப் பிழிந்தார். பின்னர் ஐதர் அலியின் படை புகுந்து ஊர்களைப் பாழாக்கி, மாடுகளை ஓட்டிச் சென்றது. தஞ்சைக் கோட்டைக்குள் மாந்தர் பசியால் தெருவில் வீழ்ந்தனர். வெளியே நெல் இல்லாமலா? இருந்தது! முன்னர்க் கொடுத்தவற்றிற்கு விலை பெறாது ஏமாந்த குடிகள், அரசனையும் கும்பினியாரையும் நம்பி மாடு தர மறுத்தனர். அவர்களைக் குறை கூற அடியேனுக்கு நா எழவில்லை. சுவார்ட்ஸ் பாதிரியார் விலைக்குத் தாமே பிணை நின்ற பின்னரே மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டை புகுந்தது. நம் திருப்பாலைத்துறைக் களஞ்சியத்தை 26 முறை நிரப்பியும் மிஞ்சும் நெல் அது.