நாற்பது நிமிட உரையாடல்: ஸ்டோரிகார்ப்ஸ்

2003 அக்டோபர் 23 அன்று நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை திறக்கப்பட்டது. பாடகர்களுக்கோ தலைவர்களுக்கோ அமைத்த அறை அல்ல அது. தாயும் மகளும், கணவனும் மனைவியும், பழைய நண்பர்களும் இருவர் இருவராக உள்ளே சென்று, எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் வாழ்க்கையை மற்றவர் கேட்பதற்கான இடம். ஸ்டோரிகார்ப்ஸ் என்னும் இம்முயற்சியைத் தொடங்கியவர் வானொலி விவரணத் தயாரிப்பாளரான டேவ் ஐசே.

அறையைத் திறந்து வைத்தவர் ஸ்டட்ஸ் டெர்கல். அப்போது அவருக்கு வயது 91. உழைக்கும் மக்களைப் பேட்டி கண்டு நூல்களாக்கியதில் புகழ்பெற்றவர். இந்த ரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களை உலகம் அறியும். உத்தரங்களை ஏற்றியவர்களையும் தரையைத் துடைத்தவர்களையும் யார் அறிவார் என்பது அன்றைய அவரது பேச்சின் சாரம்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசு, வேலையிழந்த எழுத்தாளர்களைக் கொண்டு எளிய மக்களின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டியது. 1936 முதல் 1938 வரை மட்டும் முன்னாள் அடிமைகள் 2,300க்கும் மேற்பட்டோரின் நினைவுகள் எழுத்தில் பதிவாயின. அவை விலைமதிப்பற்றவைதாம். ஆனால் பேட்டி கண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இனப் பாகுபாடு சட்டமாகவே நிலவிய தென் மாநிலங்களில், வறுமையில் உழன்ற கறுப்பின முதியவர்கள் அவர்கள் முன் மனம் திறந்து பேசியிருப்பார்களா என்ற ஐயத்தை வரலாற்றாளர்கள் நெடுங்காலமாகவே எழுப்பி வருகின்றனர். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே சொல்லப்படுவதும் அமைகிறது.

ஸ்டோரிகார்ப்ஸ் மாற்றியது இந்த இடத்தைத்தான். இங்கே கேள்வி கேட்பவர் பேரனாகவோ மனைவியாகவோ இருப்பார். பயிற்சி பெற்ற ஏற்பாட்டாளர் ஒருவர் உடனிருந்து கருவியைக் கவனிப்பார். உரையாடலில் பெரும்பாலும் தலையிடமாட்டார். நேரம் 40 நிமிடம். பதிவின் ஒரு படி பேசியவர்களுக்கு. அவர்கள் இசைந்தால் மற்றொன்று காங்கிரஸ் நூலகத்தின் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் மையத்துக்குச் செல்லும். தீரா நோயாளிகளும், நினைவு மங்கத் தொடங்கியவர்களும் பேசுவதற்கெனத் தனித் திட்டங்கள் பின்னர் உருவாயின. அத்தகையோரின் குடும்பத்துக்கு நூலகத்தில் இருக்கும் படியைவிட வீட்டில் இருக்கும் படியே பெரிது. 2005இல் நடமாடும் பதிவறைகள் ஊர் ஊராகப் புறப்பட்டன. 2007இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் கதைகளுக்கென 'கிரியோ' என்ற திட்டம் தொடங்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் வரலாற்றை வாய்மொழியாகக் காத்துவந்த பாணர்களின் பெயர் அது.

குறைகூறல்களும் எழுந்தன. பதிவுகளுள் மிகச் சிலவே என்.பி.ஆர். வானொலியில் ஒலிபரப்பாகின்றன, அவையும் சில நிமிடங்களாகச் சுருக்கப்பட்டவை. கண்ணீரை வரவழைக்கும் பகுதி நிற்கிறது; வேலை, கூலி, அரசு பற்றிய பேச்சு பின்னுக்குப் போகிறது. 2015இல் அலெக்சாண்டர் ஃபிராயின்ட் என்னும் வாய்மொழி வரலாற்றாளர், இத்தகைய கதைசொல்லல் சமூகச் சிக்கல்களைத் தனிமனித மனவுறுதியின் கதைகளாக்கிவிடுகிறது என வாதிட்டார். ஒலிபரப்பான துண்டுகளைப் பொறுத்தவரை இது பெரிதும் பொருந்தும். சுருக்கப்படாத 40 நிமிடப் பதிவுகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பிள்ளைகளிடம் பழங்கதை பேசும் ஒருவர் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் விட்டுவிட்டுப் பேசுவது அரிது.

இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. பிபிசி 2012இல் பிரித்தானிய நூலகத்துடன் இணைந்து இதேபோன்ற ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 2015இல் டெட் பரிசாகக் கிடைத்த 10 லட்சம் டாலரைக் கொண்டு ஸ்டோரிகார்ப்ஸ் ஒரு கைபேசிச் செயலியை உருவாக்கியது. அவ்வாண்டின் நன்றி நவிலல் விடுமுறையில், வீட்டு முதியவர் ஒருவரைப் பேட்டி காணுமாறு உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தனி அறை இல்லை, ஏற்பாட்டாளரும் இல்லை. சாப்பாட்டு மேசையில் கைபேசியை வைத்துவிட்டுத் தாத்தாவிடம் முதல் கேள்வியைக் கேட்டால் போதும்.